புதுச் சமையலறைக்கு இண்டக்ஷன் ஹாப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டும்போதும் சரி, பழைய சமையலறையைப் பிரித்துப் புதிதாகப் போடும்போதும் சரி, அடுப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. டைல்ஸ் ஒட்டி, மேடைக்கல் வைத்து, அலமாரி எல்லாம் மாட்டிய பிறகு "சரி, இப்போது அடுப்பு வாங்கலாமா?" என்பார்கள். மேடைக்கல்லை வெட்டிப் பதிக்கும் மின் அடுப்பான இண்டக்ஷன் ஹாப்புக்கு அது மிகவும் தாமதம். நான்கு வருடமாக அப்படி ஒரு ஹாப்பில்தான் சமைக்கிறேன். புதுச் சமையலறை போடும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே எண்ணம்தான்: சுவரைப் பூசிவிட்டால், கல்லை வெட்டிவிட்டால் மாற்ற முடியாதவற்றை முதலில் முடிவு செய்யுங்கள். மாடல், வசதி எல்லாம் அதற்குப் பிறகு.

இண்டக்ஷன் எப்படிச் சூடாக்குகிறது? இது தெரியாமல் வாங்கக் கூடாதா?

வாங்கலாம். ஆனால் இது தெரிந்தால் மற்ற பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்வீர்கள்.

கண்ணாடிக்கு அடியில் செம்புக் கம்பியைத் தட்டையாகச் சுருட்டி வைத்திருப்பார்கள். அதன் பெயர் காயில். அதில் வினாடிக்கு 20,000 சுற்றுக்கு மேல் மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் ஓடும்போது ஒரு காந்தப்புலம் உண்டாகிறது. அது மேலே இருக்கும் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. ஃபாரடே 1831இல் கண்டறிந்த அதே தூண்டல்தான். பாத்திரத்தின் இரும்பு அந்த மின்னோட்டத்துக்குத் தடையாக இருப்பதால் சூடு அங்கேயே பிறக்கிறது. ஆக, சூடாவது பாத்திரம். பாத்திரத்தின் சூடு இறங்கித்தான் கண்ணாடி சூடாகிறது. பாத்திரத்தைத் தூக்கினால் சூடாக்குவது உடனே நின்றுவிடும்.

கண்ணாடி மட்டும் கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். அதற்காகத்தான் திரையில் 'எச்' என்ற எழுத்து எரிகிறது. அது அணையும்வரை கை வைக்காதீர்கள், குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

கடையில் கறுப்புக் கண்ணாடி வைத்த ஹாப் எல்லாமே ஒரே மாதிரி இருக்கின்றனவே?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். செராமிக் ஹாப், இன்ஃப்ராரெட் அடுப்பு என்று விற்கப்படுபவையும் பார்ப்பதற்கு அச்சு அசல் இண்டக்ஷன் மாதிரியே இருக்கும். அவற்றில் கண்ணாடிக்கு அடியில் இருப்பது பழுக்கக் காய்கிற கம்பி. போட்டவுடன் பாத்திரம் வைக்கும் வட்டம் சிவப்பாக எரியும். எந்தப் பாத்திரமும் வைக்கலாம். ஆனால் சூடேறவும் நேரமாகும், அணைத்தபின் தணியவும் நேரமாகும். இண்டக்ஷனின் வேகமும் சொன்ன பேச்சு கேட்கும் குணமும் அதில் கிடையாது.

சந்தேகமாக இருந்தால் பாத்திரம் எதுவும் வைக்காமல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இண்டக்ஷன் என்றால் பாத்திரம் இல்லை என்று காட்டிவிட்டுத் தானே அணைந்துவிடும்.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

வயரை. இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

நான்கு வட்டம் உள்ள ஹாப் முழு வீச்சில் ஓடும்போது சுமார் 7.2 முதல் 7.4 கிலோவாட் வரை இழுக்கும். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 32 ஆம்பியர். சாதாரண பிளக் பாயிண்ட் இதைத் தாங்காது. மெயின் போர்டிலிருந்து நேராக வரும் தனி வயர், சுமை மீறினால் தானே துண்டிக்கும் தனி எம்.சி.பி., அதோடு கசிவு மின்சாரத்துக்கு ஆர்.சி.சி.பி., கை எட்டும் இடத்தில் முழுவதும் துண்டிக்கும் ஒரு சுவிட்ச், இத்தனையும் வேண்டும். வயரின் தடிமன் எவ்வளவு என்பது, அது போகும் தூரத்தையும் சுவருக்குள் எப்படிப் போகிறது என்பதையும் பொறுத்து மாறும். அதை எலெக்ட்ரீஷியன் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். நீங்கள் அவரிடம் கொடுக்க வேண்டியது ஹாப்பின் மொத்த கிலோவாட்டும், வயரிங் படம் உள்ள கையேடும். வீட்டுக்கு வரும் இணைப்பின் மொத்த அளவு போதுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஏசியும் வாட்டர் ஹீட்டரும் ஹாப்பும் ஒரே நேரத்தில் ஓடும் மாலை வேளைதான் சோதனை.

எங்கள் வீட்டில் இதைக் கோட்டைவிட்டோம். வேலையை மேற்பார்த்தவர் "இண்டக்ஷன்தானே, 16 ஆம்ப் பாயிண்ட் போதும்" என்று சொல்லி, 2.5 சதுர மி.மீ. வயரை இழுத்து, அதன்மேல் டைல்ஸும் ஒட்டிவிட்டார். பிறகு வந்து சேர்ந்ததோ 7.4 கிலோவாட் ஹாப். நல்லவேளையாக அதில் மொத்த சக்தியைக் குறைத்து வைக்கும் வசதி இருந்தது, 3.5 கிலோவாட்டில் பூட்டி வைத்துச் சமைத்தோம். ஒரு பக்கம் தண்ணீரை 9ஆம் எண் சூட்டில் வைத்துவிட்டு மறுபக்கம் வாணலியை ஏற்றினால், கண்ணெதிரிலேயே 9 என்ற எண் 7, 5 என்று தானாக இறங்கும். எட்டு மாதம் அப்படியே ஓட்டினோம். கடைசியில் டைல்ஸை உடைத்துப் புது வயர் இழுத்தோம். பழைய டைல்ஸின் நிறம் மறுபடி கிடைக்கவில்லை. அடுப்புக்குப் பின்னால் அந்த ஒரு வரிசை மட்டும் இன்றும் வேறு நிறத்தில் இருக்கிறது.

வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால் என்ன?

நல்லது. பல ஹாப்களை இரண்டு ஃபேஸில் பிரித்து இணைக்கலாம். ஒவ்வொன்றிலும் 16 ஆம்பியர் அளவில் போகும். கையேட்டில் அதற்கான படம் இருக்கிறதா என்று பாருங்கள். 120 வோல்ட் புழங்கும் நாடுகளில் இருப்பவர்களுக்குப் பதிக்கும் ஹாப்புக்கென்று 240 வோல்ட் இணைப்பு தனியாகத் தேவைப்படும்.

பிளக்கில் செருகும் ஹாப் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே?

வயர் தொல்லை இல்லை, உண்மைதான். இரண்டு வட்டம் உள்ள சிறிய ஹாப்களும், மொத்த சக்தியைச் சுமார் 3 கிலோவாட்டுக்குள் அடக்கிய நான்கு வட்ட ஹாப்களும் பிளக்கோடு வருகின்றன. ஒருவரோ இருவரோ உள்ள வீட்டுக்கும், வாடகை வீட்டுக்கும் அது பொருத்தமே. நாலைந்து பேருக்குத் தினமும் சமைக்கும் வீட்டில் நான்கு வட்டத்தைப் பிளக்கில் ஓட்டினால் அந்த 3 கிலோவாட்டைத்தான் நான்கும் பங்கு போட்டுக்கொள்ளும். என் எட்டு மாத அனுபவம்தான் உங்களுக்கும். வயரைப் பெரிதாகப் போட்டுவிட்டுச் சின்ன ஹாப் வாங்குவதில் நஷ்டம் எதுவும் இல்லை, பிறகு மாற்றிக்கொள்ளலாம். வயர் சின்னதாகிவிட்டால்தான் வழி அடைபடும்.

'பூஸ்ட்' போட்டால் பக்கத்து வட்டம் மந்தமாகிவிடுகிறது. பழுதா?

பழுது இல்லை. ஒரு வட்டத்தைக் கொஞ்ச நேரம் அதன் சாதாரண அளவுக்கு மேல் ஓட்டுவதுதான் பூஸ்ட். பெரும்பாலான நான்கு வட்ட ஹாப்களின் உள்ளே இரண்டு மின்பலகைகள்தான் இருக்கும். இடப்பக்க வட்டங்கள் இரண்டும் ஒரு பலகையில், வலப்பக்க வட்டங்கள் இரண்டும் இன்னொன்றில். ஒரு பலகையால் கொடுக்க முடிவது சுமார் 3.7 கிலோவாட். முன்வட்டத்துக்கு பூஸ்ட் போட்டு அதுவே மூன்றுக்கு மேல் எடுத்துக்கொண்டால், அதே பக்கத்தின் பின்வட்டத்துக்கு மிச்சம்தான் கிடைக்கும்.

இதற்கு வழி எளிது. அதிகச் சூடு வேண்டிய இரண்டு பாத்திரங்களை ஒரே பக்கத்தில் வைக்காதீர்கள். ஒன்று இடம், ஒன்று வலம். கொதிக்க வைப்பது இடப்பக்கம் என்றால், வதக்குவதும் பொரிப்பதும் வலப்பக்கம். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

வாங்கும்போது மொத்த கிலோவாட்டை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு வட்டத்தின் சாதாரண அளவு எவ்வளவு, பூஸ்ட் அளவு எவ்வளவு, எந்த இரண்டு வட்டங்கள் சேர்ந்து பங்கிடுகின்றன என்று பாருங்கள். அகலமான சில ஹாப்களில் மூன்று பலகை இருக்கும். ஒரே நேரத்தில் பல பாத்திரம் ஏற்றும் வீட்டுக்கு அது பெரிய நிம்மதி.

எவ்வளவு அகலம், எத்தனை வட்டம்?

60 செ.மீ. அகலத்தில் நான்கு வட்டம் என்பதுதான் பரவலாகக் கிடைப்பது. பெட்டியில் நான்கு வட்டம் என்று இருந்தாலும், 28 செ.மீ. வாணலி ஒன்றும் பெரிய குக்கர் ஒன்றும் ஏறிவிட்டால் மற்ற இரண்டு வட்டத்துக்கு இடம் இருக்காது. மேடையில் நீளம் இருந்தால் 75 அல்லது 80 செ.மீ. ஹாப்பைப் பரிசீலியுங்கள். வட்டம் கூடுவதற்காக இல்லை, பாத்திரங்கள் ஒன்றையொன்று இடிக்காமல் இருப்பதற்காக.

உங்கள் வீட்டில் தினமும் புழங்கும் பாத்திரங்களின் அடிப்பாகத்தை அளந்து, அந்த அளவில் செய்தித்தாளில் வட்டங்கள் வெட்டுங்கள். ஹாப்பின் நீள அகலத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, வெட்டிய வட்டங்களை அதன்மேல் பரப்பிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. கடைக்காரர் ஒரு மணிநேரம் பேசினாலும் இவ்வளவு தெளிவு வராது.

வட்டத்தையும் பாத்திரத்தையும் அளவில் பொருத்த வேண்டுமா?

ஓரளவுக்கு. பாத்திரம் மிகச் சிறியதாக இருந்தால் ஹாப் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. எவ்வளவு சிறியதுவரை ஏற்கும் என்பது வட்டத்துக்கு வட்டம் மாறும்; கையேட்டில் செ.மீ. கணக்கில் இருக்கும். பால் காய்ச்சும் சின்னப் பாத்திரம் உங்களுக்கு முக்கியம் என்றால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பாத்திரம் பெரிதாக இருந்தால் வேறு பிரச்சினை. கண்ணாடியில் வரைந்த வட்டத்தைவிட உள்ளே இருக்கும் காயில் சிறியதாக இருக்கலாம். அகலமான பாத்திரத்தில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கி, பக்கத்தில் நின்று பாருங்கள். முதல் குமிழ்கள் அடிப்பாகம் முழுவதும் எழாது. வளையல் வடிவில் ஒரு வளையமாக எழும். நடுவிலும் ஓரத்திலும் தண்ணீர் சும்மா இருக்கும். அந்த வளையம்தான் காயில் இருக்கும் இடம். அடி கனமான பாத்திரமாக இருந்தால் சூடு பரவி, சற்று நேரத்தில் வளையம் மறைந்துவிடும். மெல்லிய பாத்திரம் என்றால் அந்த வளையத்தில்தான் எல்லாம் அடிப்பிடிக்கும்.

ஃப்ளெக்ஸ் சோன் வேண்டுமா?

முன்வட்டத்தையும் பின்வட்டத்தையும் சேர்த்து ஒரே நீளப் பரப்பாக ஆக்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நீளமான தட்டையான கல் அல்லது கிரில் தட்டு வைத்திருப்பவர்களுக்கு நிஜமாகவே பயன்படும். மற்றவர்கள் வாங்கிய மாதம் இரண்டு தடவை போட்டுப் பார்ப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். வேறு காரணத்துக்காகப் பிடித்த ஹாப்பில் இதுவும் இருந்தால் இருக்கட்டும். இதற்காக மட்டும் விலை கூடிய மாடலுக்குப் போக வேண்டாம்.

என் பழைய பாத்திரங்களை எல்லாம் தூக்கிப்போட வேண்டுமா?

எல்லாவற்றையும் இல்லை. ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு சமையலறையைச் சுற்றி வாருங்கள். அடிப்பாகத்தில் நச்சென்று ஒட்டினால் அநேகமாக வேலை செய்யும். வார்ப்பிரும்பு, இரும்பு, எனாமல் பூசிய இரும்பு எல்லாம் ஒட்டும். அலுமினியம், செம்பு, பித்தளை, கண்ணாடி, மண் ஒட்டாது. அலுமினியத்திலும் செம்பிலும் மின்சாரம் தடையில்லாமல் ஓடிவிடுவதால் சாதாரண இண்டக்ஷனால் அவற்றைச் சூடாக்க முடிவதில்லை.

எவர்சில்வரில்தான் குழப்பம். 18/8, 18/10 என்று அச்சிட்ட எவர்சில்வர் பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் நல்ல பாத்திரங்களில் அடியில் மட்டும் காந்தம் பிடிக்கும் எவர்சில்வரை ஒரு அடுக்காக வைத்திருப்பார்கள். அதனால் பக்கவாட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், அடியில் வையுங்கள்.

காந்தம் ஒட்டினாலும் ஒரு பொறி உண்டு. சில அலுமினிய நான்-ஸ்டிக் பாத்திரங்களின் அடியில் ஓட்டை ஓட்டையான எவர்சில்வர் தகடு ஒன்றைப் பதித்திருப்பார்கள். அதில் இரும்பு இருக்கும் பரப்பு குறைவு என்பதால் ஹாப் முழு சக்தியைக் கொடுக்காது. "என் ஹாப் மெதுவாகத்தான் சூடாகிறது" என்று சொன்ன மூன்று பேர் வீட்டில் நான் பார்த்தது இதைத்தான். ஹாப் மேல் தப்பே இல்லை.

அடி சமமாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். ஒரு ஸ்கேலின் ஓரத்தை அடியில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நடுப்பகுதி வெளியே தள்ளியிருந்தால் பாத்திரம் கண்ணாடி மேல் பம்பரமாகச் சுற்றும்.

அடாப்டர் தட்டு வைத்து அலுமினியப் பாத்திரத்தைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். தட்டு சூடாகி, அது பாத்திரத்துக்குச் சூட்டைக் கடத்தும். வேகமும் போச்சு, சிக்கனமும் போச்சு. தட்டு மட்டும் அளவுக்கு மீறிக் காய்ந்து கண்ணாடியையும் உள்ளிருக்கும் உணரியையும் பாதிக்கலாம். அந்தச் செலவில் ஒரு நல்ல பாத்திரம் வாங்குங்கள்.

அடி குழிந்த வாணலி?

தட்டையான கண்ணாடியில் அதன் நடுப்புள்ளி மட்டும்தான் தொடும், சுற்றிலும் இடைவெளி. சூடு சரியாக ஏறாது. அடி தட்டையாகவும் பக்கம் குழிவாகவும் உள்ள வாணலிக்கு மாறுவதுதான் நடைமுறை. குழிவாகவே செய்த தனி இண்டக்ஷன் அடுப்பும் இருக்கிறது. தினமும் அப்படித்தான் சமைப்பீர்கள் என்றால் ஹாப்புக்குப் பக்கத்தில் அதைப் பதிக்கலாம். அதற்கும் தனி வயர் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

சிம்மில் வைப்பது போல வைக்க முடியுமா?

நல்ல ஹாப்பில் முடியும், காஸை விடவும் நிதானமாக. மலிவான ஹாப்பில்தான் ஏமாற்றம்.

எந்த ஹாப்பையும் கீழே இறக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குமேல் காயிலின் சக்தியைத் தொடர்ச்சியாகக் குறைக்க முடியாது. அங்கிருந்து அது விட்டு விட்டு ஓட ஆரம்பிக்கும். இரண்டு வினாடி ஓடி இரண்டு வினாடி நின்றால் பாத்திரத்துக்கு அது தெரியாது. பத்து வினாடி முழு வீச்சில் ஓடி, பத்து வினாடி நின்றால் தெரியும்: பால் பொங்கி எழும், அடங்கும், மறுபடி பொங்கும். ஒற்றை இண்டக்ஷன் அடுப்பு பயன்படுத்தியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். அதை வைத்து "இண்டக்ஷன் சிம்முக்கு லாயக்கில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

செயல்விளக்கம் தரும் கடையில், மெல்லிய பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அப்படியே 2 அல்லது 3ஆம் எண்ணுக்கு இறக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் குமிழ்களையே பாருங்கள். ஒரே சீராக எழுந்துகொண்டிருந்தால் நம்பி வாங்கலாம். மொத்தமாக எழுந்து மொத்தமாக நின்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். விளம்பரத் தாளில் இந்த ஒரு விஷயம் மட்டும் இருப்பதே இல்லை, ஆனால் தினமும் உங்களைச் சோதிக்கப் போவது இதுதான்.

டச், ஸ்லைடர், குமிழ்: எது நல்லது?

கூட்டல், கழித்தல் பொத்தான் மட்டும் இருந்து, அதுவும் எல்லா வட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஜோடிதான் என்றால் தவிர்த்துவிடுங்கள். பால் பொங்கி வரும்போது முதலில் எந்த வட்டம் என்று தொட்டு, பிறகு கழித்தலை ஏழு தடவை தட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு வட்டத்துக்கும் தனி ஸ்லைடர் இருப்பது மிகவும் வசதி. விரலை ஒரே இழுப்பில் 9இலிருந்து 2க்குக் கொண்டுவந்துவிடலாம்.

எல்லா டச் பலகைக்கும் ஒரு பலவீனம் உண்டு. தண்ணீர் சிந்தினாலோ கை ஈரமாக இருந்தாலோ அது குழம்பும். பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும். ஒரு துணியை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பார்வை மங்கிய பெரியவர்கள் சமைக்கும் வீடாக இருந்தால் திருகும் குமிழ் வைத்த மாடலைத் தேடுங்கள். குறைவாகத்தான் கிடைக்கும், ஆனால் அவர்கள் யாரையும் கூப்பிடாமல் தாங்களே சமைக்க முடியும்.

டைமர் ஒவ்வொரு வட்டத்துக்கும் தனியாக இருக்க வேண்டும். நேரம் முடிந்ததும் அந்த வட்டத்தையே அணைக்க வேண்டும். குழந்தைகள் இருந்தால் பூட்டும் வசதி கட்டாயம். மற்ற வசதிகளில் நான் பெரிதாகப் பிடிவாதம் பிடிக்க மாட்டேன்.

மேடைக்கல்லில் ஓட்டையை எப்போது வெட்டச் சொல்லலாம்?

ஹாப் வீட்டுக்கு வந்து, பெட்டியைப் பிரித்து, கண்ணாடியில் விரிசல் இல்லை என்று பார்த்த பிறகு.

60 செ.மீ. ஹாப்புக்குப் பெரும்பாலும் 56 க்கு 49 செ.மீ. ஓட்டைதான். ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பிக் கல்லை வெட்டக் கூடாது. பெரிய ஹாப்களில் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறுகிறது. சின்னதாகிவிட்ட ஓட்டையைத் தேய்த்துப் பெரிதாக்கலாம், பெரிதாகிவிட்டதை ஒன்றும் செய்ய முடியாது. முன்னும் பின்னும் கல்லின் குறுகலான பட்டைதான் மிஞ்சும் என்பதால், மூலைகளைக் கூர்மையாக வெட்டாமல் சற்று வளைவாக வெட்டச் சொல்லுங்கள். கூர்மையான மூலையிலிருந்துதான் கல் விரிசல் விடும்.

ஹாப்பைச் சுற்றி சிலிக்கான் பூசி ஒட்டிவிடவும் விடாதீர்கள், கையேடு அப்படிச் சொன்னால் தவிர. பெட்டியோடு வரும் நுரை டேப் போதும். நாளைக்குப் பழுது பார்க்க வருபவர் அதைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

அடியில் டிராயர் வைக்கலாமா? ஓவன்?

ஹாப்புக்குள் இருக்கும் மின்பலகையைக் குளிர்விக்க ஃபேன் ஓடுகிறது. அது கீழேயிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ள வழி வேண்டும். வழியை அடைத்தால் ஹாப் முதலில் சக்தியைக் குறைத்துக்கொள்ளும், பிறகு அணைந்துவிடும், வருடக்கணக்கில் அப்படியே ஓடினால் உள்ளிருக்கும் பாகங்களின் ஆயுள் குறையும். சமையலின் நடுவில் காரணமே இல்லாமல் ஹாப் நிற்கிறது என்றால் நான் முதலில் திறந்து பார்ப்பது அடியில் இருக்கும் டிராயரைத்தான். பிளாஸ்டிக் உறையும் காகிதமும் திணித்து வைத்திருப்பார்கள்.

டிராயர் வைக்கலாம். ஆனால் ஹாப்புக்கும் டிராயருக்கும் நடுவே ஒரு தடுப்புப் பலகை, அதற்கு மேல் கையேடு சொல்லும் இடைவெளி, பின்பக்கம் காற்று வர வழி, மூன்றும் இருக்க வேண்டும். கார்பென்டரிடம் வாயால் சொல்லாமல் கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். ஓவன் வைப்பதானால் சொந்தக் குளிர்விக்கும் ஃபேன் உள்ள ஓவனாக இருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரம், துணி துவைக்கும் இயந்திரம், ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்கு மேலே ஹாப்பைப் பதிக்கக் கூடாது என்றே பல கையேடுகள் சொல்கின்றன.

ஹாப்பிலேயே புகை உறிஞ்சும் வசதி உள்ளது வருகிறதே?

மேலே சிம்னி மாட்ட இடமில்லாத, நடு மேடையில் அடுப்பு வைக்கும் சமையலறைக்கு அது அழகான தீர்வு. சுவரோரம் அடுப்பு என்றால் நான் வாங்க மாட்டேன். அடியில் அலமாரியின் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். உயரமான பாத்திரத்தின் ஆவி அது இழுப்பதற்கு முன்பே மேலே போய்விடும். இரண்டில் ஒன்று பழுதானாலும் இரண்டும் நிற்கலாம்.

சத்தம் வருமா?

வரும். ஃபேனின் இரைச்சல், அதிக சக்தியில் மெல்லிய ரீங்காரம், குறைந்த சக்தியில் டிக் டிக். பல அடுக்கு ஒட்டிய பாத்திரங்கள்தான் அதிகம் பாடும். வார்ப்பிரும்பு அமைதியாக இருக்கும். பாத்திரத்தை மாற்றினால் சத்தம் மாறுகிறது என்றால் ஹாப் மேல் சந்தேகம் வேண்டாம்.

கதிர்வீச்சு ஆபத்து உண்டா? பேஸ்மேக்கர் வைத்தவர்கள்?

இது எக்ஸ்-ரே போன்ற கதிர்வீச்சு இல்லை, காந்தப்புலம். காயிலிலிருந்து விலக விலக வேகமாகக் குறைந்துவிடும். வட்டத்துக்கு ஏற்ற அளவில் பாத்திரத்தை நடுவில் வைத்தால் வெளியே கசிவது இன்னும் குறையும்.

பேஸ்மேக்கர் அல்லது வேறு மின்கருவி உடலில் வைத்தவர்கள் வீட்டில் இருந்தால், ஹாப் வாங்குவதற்கு முன்பே அவருடைய இதய மருத்துவரிடம் கேளுங்கள். கருவிக்கும் அடுப்புக்கும் நடுவே குறைந்தது 60 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் சொல்லும் அளவு. மேடை முன் நின்று சமைப்பவருக்கு அந்த இடைவெளியை எப்போதும் காப்பது எளிதில்லை என்பதையும் யோசியுங்கள்.

கண்ணாடி உடைந்துவிடாதா?

அது சாதாரணக் கண்ணாடி இல்லை, கண்ணாடிப் பீங்கான். சூட்டில் ஏறக்குறைய விரிவதே இல்லை என்பதால், கொதிக்கும் இடத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டாலும் தாங்கும். தாங்காதது அடி. மேல் அலமாரியிலிருந்து கனமான ஜாடி விளிம்போ மூலையோ படும்படி விழுந்தால் போச்சு. அதனால் ஹாப்புக்கு நேர்மேலே ஜாடிகளை அடுக்காதீர்கள். விரிசல் விட்டால் உடனே மெயின் சுவிட்சை அணையுங்கள். "ஓரத்தில்தானே" என்று தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது, ஈரம் உள்ளே போனால் ஷாக் அடிக்கும்.

இன்னொரு எதிரி சர்க்கரை. பாகு சிந்தி அப்படியே ஆறினால் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது மேற்பரப்பைப் பெயர்த்துக்கொண்டு வரும். இதை மட்டும் சூடாக இருக்கும்போதே, கை சுடாதபடி பிளேடு வைத்த ஸ்கிரேப்பரால் வழித்துவிட வேண்டும். மற்ற கறை எதுவானாலும் ஆறிய பிறகு ஈரத்துணி போதும். பாத்திரம் தேய்க்கும் நார், பவுடர் இரண்டும் கண்ணாடி பக்கமே வரக் கூடாது.

நிஜமாகவே மிச்சமா? வேகமா?

இண்டக்ஷனில் செலவாகும் சக்தியில் சுமார் 85 சதவீதம் பாத்திரத்துக்குப் போகிறது. காஸில் 30 முதல் 40 சதவீதம்தான். மீதி பாத்திரத்தைச் சுற்றி மேலே போய்ச் சமையலறையைச் சூடாக்குகிறது. 20 டிகிரியில் உள்ள 1 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 335 கிலோஜூல் வேண்டும். 2 கிலோவாட் வட்டத்தில் மூன்றரை நிமிடத்துக்குள் கொதித்துவிடும். பணம் மிச்சமாகுமா என்பது உங்கள் ஊர் மின்கட்டணமும் காஸ் விலையும் சொல்ல வேண்டியது. சமைப்பவர் வியர்த்துக் கொட்டாமல் நிற்பது மட்டும் முதல் நாளிலேயே தெரியும்.

இந்த வேகத்தில் ஒரு ஆபத்தும் உண்டு. வெறும் நான்-ஸ்டிக் பாத்திரத்தைப் பூஸ்டில் வைத்துவிட்டுத் திரும்பினால், அந்தப் பூச்சு கெட ஆரம்பிக்கும் 260 டிகிரியை வெகு சீக்கிரம் எட்டிவிடும். நான்-ஸ்டிக்குக்கு நடு எண்ணைத் தாண்ட வேண்டாம்.

மின்சாரம் போனால் என்ன செய்வது?

ஹாப் நிற்கும். அடிக்கடி மின்தடை உள்ள இடமாக இருந்தால், இரண்டு வட்டம் இண்டக்ஷனும் இரண்டு பர்னர் காஸும் சேர்ந்த ஹாப்பை வாங்குங்கள், அல்லது ஒரு சின்ன காஸ் அடுப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் வீட்டில் போர்டிலேயே சர்ஜ் பாதுகாப்புக் கருவி பொருத்துவது நல்லது. ஏற்ற இறக்கத்தில் முதலில் அடிபடுவது உள்ளிருக்கும் மின்பலகைதான், ஹாப்பில் விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று.

இரண்டு மாடல்களில் தயங்குகிறேன். எதை வைத்து முடிவு செய்வது?

சிம் சோதனையில் இரண்டும் தேறிவிட்டன, வயரும் ஓட்டையும் பொருந்துகின்றன என்றால், சர்வீஸ் சென்டருக்கு நீங்களே போன் செய்யுங்கள். மாடல் எண்ணைச் சொல்லி, "இதன் மின்பலகையும் மேல் கண்ணாடியும் தனித்தனியாகக் கிடைக்குமா? வர எத்தனை நாள் ஆகும்?" என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்பவர்களின் ஹாப்பை வாங்குங்கள். வந்து இறங்கியதும் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண், சீரியல் எண் ஸ்டிக்கரைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லில் பதித்துவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது, சர்வீஸுக்குக் கூப்பிடும்போது முதலில் கேட்பது அதைத்தான்.